சிடி இசைக்கு உயர்ரக டிஏசி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலமாரி நிறைய சிடி சேர்த்தவர்களும், அவற்றை ஒவ்வொன்றாகக் கணினியில் ஏற்றி முடித்தவர்களும் ஏதோ ஒரு நாள் இந்த முடிவுக்கு வந்து சேருவார்கள்: "நல்லதாக ஒரு டிஏசி வாங்கிவிட வேண்டியதுதான்." தலைவலி அதற்குப் பிறகுதான் தொடங்கும். விளம்பரங்களில் மின்னும் எண்களில் பாதிக்குமேல் சிடிக்குச் சம்பந்தமில்லாதவை. சிடி கேட்பவர் பார்க்க வேண்டிய சில விஷயங்களைப் பற்றியோ யாரும் வாய் திறப்பதில்லை. அவற்றுக்கு இங்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

டிஏசி என்றால் என்ன? சிடி பிளேயருக்குள்ளேயே அது இருக்கத்தானே செய்கிறது?

இருக்கிறது. வட்டில் இருப்பவை எண்கள். அந்த எண்களை ஆம்ப்ளிஃபயருக்குப் புரியும் மின்னழுத்த அலையாக மாற்றுவது டிஏசி. போன், லேப்டாப், டிவி எல்லாவற்றுக்குள்ளும் ஒன்று உண்டு. தனிப் பெட்டியாக வாங்கும்போது அதற்கென்று நல்ல மின்வழங்கி, எண்களுக்குத் தாளம் போடும் நல்ல க்ளாக், நல்ல அனலாக் வெளியீடு, பல உள்ளீடுகள் கிடைக்கும். பத்து வருடம் பழைய சிடி பிளேயரின் லென்ஸ் போய்விட்டாலும் டிஏசி தப்பிக்கும்.

வெறும் 16 பிட் சிடிக்கு உயர்ரக டிஏசி வீண்தானே?

"வெறும்" என்ற சொல்லில்தான் சிக்கல். சிடியில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள்கள், அதாவது ஒலி அலையின் உயரத்தை அளந்த எண்கள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். 44,100 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆரம்பத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். ஒரு வரிக்கு 3 சாம்பிள், ஒரு ஃபீல்டுக்கு (வீடியோ படத்தின் பாதிக்கு) 245 வரி, நொடிக்கு 60 ஃபீல்டு. பெருக்கிப் பாருங்கள். 50 ஃபீல்டு ஓடும் முறையில் 294 வரி. அதுவும் அதே 44,100தான்.

இந்த வேகத்தில் 22.05 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எல்லா அதிர்வெண்களையும் பிடித்துவிடலாம். 16 பிட் தரும் ஒலி வீச்சு கணக்குப்படி 98 டெசிபெல். அமைதியான அறையின் இரைச்சலே 30 டெசிபெல் அளவில் இருக்கும். அதற்குமேல் 98 என்றால் காதைப் பொத்திக்கொள்ள வேண்டிய சத்தம்.

2007இல் மேயர், மோரன் இருவரும் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். எஸ்ஏசிடி போன்ற உயர்தெளிவு ஒலி ஓடும்போது, அதன் பாதையில் 16 பிட், 44.1 மாற்றி ஒன்றைச் செருகி, கேட்பவர்களுக்கு வித்தியாசம் தெரிகிறதா என்று பார்த்தார்கள். 554 முறையில் 276 முறை சரியாகச் சொன்னார்கள். காசு சுண்டினாலும் ஏறக்குறைய அதுதான் வரும். 2016இல் ஜோஷுவா ரைஸ் 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52.3 சதவீதம் வந்தது. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நூலிழை அளவு.

ஆகவே சிடி என்ற பாத்திரம் சின்னது என்று கவலைப்பட வேண்டாம். பதிவு நன்றாக இருந்தால் சிடியும் நன்றாகவே இருக்கும். சட்டியில் இருப்பதுதான் அகப்பையில் வரும்; டிஏசி அகப்பை.

பெட்டியில் 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி 512 என்று போட்டிருக்கிறதே?

உங்கள் சிடிக்கு அதில் எதுவும் வேண்டாம். உள்ளே கணக்குப் போட 32 பிட் இருப்பது, குறிப்பாக டிஜிட்டல் வால்யூமுக்கு, நல்லதுதான். மற்றவை எல்லாம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று காட்டும் ஸ்பீடோமீட்டர் எண்கள்.

ஆர்-2ஆர் நல்லதா, டெல்டா-சிக்மா நல்லதா?

இந்தச் சண்டை சிடி பிறந்த நாளிலிருந்தே நடக்கிறது. 1982இல் சோனியின் முதல் பிளேயரான சிடிபி-101 ஒரே ஒரு 16 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு இடது, வலது சேனல்களுக்கு மாறிமாறிக் கொடுத்தது. அதனால் ஒரு சேனல் மற்றதைவிடச் சுமார் 11 மைக்ரோநொடி பிந்தி வந்தது. ஃபிலிப்ஸிடம் அப்போது இருந்தது 14 பிட் சிப். அவர்கள் சாம்பிள் வேகத்தை நான்கு மடங்காக்கி, இரைச்சலைக் காதுக்கு எட்டாத உயரத்துக்குத் தள்ளி, 14 பிட்டிலேயே 16 பிட் தரத்தை எடுத்துவிட்டார்கள். இன்றைய டெல்டா-சிக்மா சிப்கள் அந்த யுக்தியின் பேரப்பிள்ளைகள்: சில பிட்களை மட்டும் வைத்துக்கொண்டு மிக மிக வேகமாக ஓடி, மீதியைக் கணக்கால் ஈடுகட்டுவது.

ஆர்-2ஆர் என்பது மின்தடைகளை ஏணிபோல் அடுக்கி, ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு படி கொடுப்பது. கேட்க எளிமை, செய்வதுதான் கஷ்டம். 16 பிட் ஏணியில் உச்சிப் படியின் மதிப்பு, அதற்குக் கீழே உள்ள 15 படிகளின் கூட்டுத்தொகையைவிட ஒரே ஒரு சின்னப் படி அதிகம். 65,536இல் ஒன்று, அதாவது 0.0015 சதவீதத் துல்லியம் வேண்டும். அதோடு, சாதாரண ஏணியில் அலை பூஜ்ஜியத்தைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் உச்சிப் படி மாறுகிறது. ஆகவே பிழை அதிகம் துருத்துவது உரத்த இசையில் இல்லை, ஒரு தம்பூரா மெல்லத் தேய்ந்து அடங்கும் இடத்தில். இதைத் தவிர்க்கவே பர்-பிரவுனின் பிசிஎம்1704 போன்ற சிப்கள் நேர், எதிர் பக்கங்களுக்குத் தனித்தனி மாற்றி வைத்தன. ஷீட் நிறுவனம் தன் இக்டிரசில் மாடலின் முதல் பதிப்பில் அளவீட்டுக் கருவிகளுக்காகச் செய்யப்பட்ட ஏடி5791 என்ற 20 பிட் சிப்பைப் பயன்படுத்தியது. சார்ட் நிறுவனமோ கடைச் சிப் எதுவும் வேண்டாம் என்று எஃப்பிஜிஏ என்ற, விருப்பப்படி நிரல் எழுதக்கூடிய சிப்பில் தானே மாற்றியை எழுதிக்கொள்கிறது.

என் அபிப்பிராயம்: இரண்டிலும் நல்லது உண்டு, இரண்டிலும் மோசமும் உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோகாவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் ஆலை தீப்பிடித்தபோது, பல தயாரிப்பாளர்கள் தங்கள் மாடல்களுக்குள் வேறு நிறுவனச் சிப்பை வைக்க வேண்டியதாயிற்று. "ஏகேஎம் இனிப்பு, ஈஎஸ்எஸ் கூர்மை" என்று சிப் நிறுவனத்தின் பெயரை வைத்துச் சத்தியம் செய்தவர்கள் திண்டாடினார்கள். சிப்பைச் சுற்றியுள்ள சர்க்யூட்டும், வேண்டாத உயர் அதிர்வெண்களை அடைக்கும் ஃபில்டரும்தான் பெரும்பங்கு. சிப்பின் பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்.

நாஸ் டிஏசி "இயற்கையாக" ஒலிக்கும் என்கிறார்களே?

நாஸ் என்றால் சாம்பிள் வேகத்தை உயர்த்தாமல், ஃபில்டரும் பெரிதாக இல்லாமல், வந்த எண்களை அப்படியே படிக்கட்டாக வெளியிடுவது. 44.1இல் இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுவிடலாம்: 10 கிலோஹெர்ட்ஸில் முக்கால் டெசிபெல் குறையும், 20இல் 3.2 டெசிபெல் குறையும். 1 கிலோஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை வாசித்தால் 43.1, 45.1 கிலோஹெர்ட்ஸில் அதன் நிழல்கள் வந்து நிற்கும். நிழல்கள் காதுக்குக் கேட்காது. ஆனால் அவற்றை ஆம்ப்ளிஃபயர் எப்படிச் செரிக்கிறது என்பது அந்த ஆம்ப்ளிஃபயரைப் பொறுத்தது.

அந்த மேல்சுரத் தேய்மானம்தான் பலர் சொல்லும் "இதமான" ஒலியின் பெரும்பகுதி என்று நினைக்கிறேன். பிடித்திருந்தால் வாங்கலாம், குற்றமில்லை. அது உண்மைக்கு நெருக்கம் என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ரிமோட்டில் ஏழு ஃபில்டர் இருக்கிறது. எதை வைப்பது?

"ஃபாஸ்ட், லீனியர் ஃபேஸ்" என்று இருப்பதை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 20 கிலோஹெர்ட்ஸ் வரை முழுதாக விட்டு 22.05க்கு மேல் அடைக்க வேண்டும். அதற்கு நடுவே இடம் மிகக் குறைவு. "ஸ்லோ" வகைகள் அதற்கு முன்பே இறங்கத் தொடங்கும், நாஸ் போலவே கொஞ்சம் மழுங்கும். முன்னொலி வளையம், அதாவது ஒரு தட்டலுக்கு முன்பே மெல்லிய அதிர்வு வருவது, என்று பயமுறுத்துவார்கள். அந்த வளையம் நடப்பது 22 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில், நம்மில் பெரும்பாலோருக்குக் காது எட்டாத இடம்.

90களுக்குப் பிந்தைய சில சிடிகள் மட்டும் கரகரப்பாக, நெருக்கமாக ஒலிக்கின்றன. டிஏசி மாற்றினால் சரியாகுமா?

ஓரளவு ஆகலாம். சிடி வாங்குபவர்கள் கேட்க வேண்டிய, ஆனால் கேட்காத கேள்வி இது.

11,025 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது சாம்பிள் வேகத்தில் சரியாகக் கால் பங்கு. ஒரு சுற்றுக்கு நான்கு சாம்பிள் விழும். அந்த நான்கும் அலையின் உச்சியில் விழாமல் சரிவில் விழுந்தால், மேலே இரண்டு, கீழே இரண்டு என எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கும். மாஸ்டரிங் செய்பவர், அதாவது வட்டுக்குப் போகும் முன் ஒலியை இறுதியாக்குபவர், அந்தச் சாம்பிள்களைச் சிடியின் உச்ச அளவு வரை தூக்கிவிடுகிறார். எண்களைப் பார்த்தால் எல்லை மீறவே இல்லை. ஆனால் டிஏசியின் ஃபில்டர் சாம்பிள்களுக்கு நடுவே உண்மையான அலையை வரையும்போது அதன் உச்சி 1.414 மடங்கு உயரத்துக்குப் போகிறது. 3 டெசிபெல் அதிகம். ஃபில்டருக்குள் அதற்கு இடமில்லை என்றால் உச்சி வெட்டப்படும். அந்த வெட்டுதான் கரகரப்பாக வரும்.

உண்மையான இசையில் அநேகமாக இவ்வளவு போகாது. ஆனால் யார் பாட்டு அதிகச் சத்தம் என்ற போட்டிக் காலத்தில் நசுக்கி எடுத்த சிடிகளில் ஒரு பாட்டுக்கு நூற்றுக்கணக்கான இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மீறும். பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டிஏசி2 மாடலிலிருந்து இதற்கென்றே 3.5 டெசிபெல் இடம் ஒதுக்கியிருப்பதாகச் சொல்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலில் இந்த இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். விற்பவர் விழித்தால் கவலை வேண்டாம். கணினியில் இருந்து வாசிப்பவர் என்றால் பிளேயர் மென்பொருளின் வால்யூமை 3, 4 டெசிபெல் குறைத்து, ஆம்ப்ளிஃபயரில் ஏற்றிக்கொள்ளுங்கள். காசு செலவில்லாத மருந்து. மாஸ்டரிங்கிலேயே நசுக்கியதை இது மீட்காது, டிஏசி சேர்க்கும் கரகரப்பை மட்டும்தான் எடுக்கும்.

80களின் சில சிடிகள் ரிப் செய்த (கணினியில் கோப்பாக ஏற்றிய) பிறகு கீச்சென்று இருக்கின்றன. ஏன்?

ப்ரீ-எம்ஃபசிஸ் ஆக இருக்கலாம். ஆரம்ப காலத்தில் இரைச்சலைக் குறைக்க மேல்சுரங்களை ஏற்றிப் பதிந்து, பிளேயர் திரும்ப இறக்கட்டும் என்று ஒரு கொடியை, அதாவது ஓர் அடையாளக் குறியை, வட்டில் வைத்தார்கள். 20 கிலோஹெர்ட்ஸில் ஏற்றம் சுமார் 9.5 டெசிபெல். சிடி பிளேயர் அந்தக் கொடியைப் பார்த்து இறக்கிவிடும். ஆப்டிகல் (ஒளி), கோஆக்சியல் (மின்) கேபிள் வழியாகவும் கொடி போகும். ஆனால் அதைக் கண்டுகொள்ளாத டிஏசிகள் இப்போது நிறைய. யுஎஸ்பி வழியாகவோ கொடி போகவே வழியில்லை. ரிப் செய்யும்போதும் அது உதிர்ந்துவிடும்.

பழைய அச்சுச் சிடிகள், குறிப்பாக 80களின் ஜப்பானிய அச்சுகள், உங்களிடம் நிறைய இருந்தால் டி-எம்ஃபசிஸ் வசதி உள்ள டிஏசியைத் தேடுங்கள். இல்லாவிட்டால் ரிப் செய்த கோப்பை சாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஒரு முறை ஓட்டி இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

யுஎஸ்பியா, ஆப்டிகலா, கோஆக்சியலா? ஜிட்டர் என்று ஏதோ சொல்கிறார்களே?

ஜிட்டர் என்பது க்ளாக்கின் நடுக்கம். ஆப்டிகல், கோஆக்சியலில் டிஏசி வரும் சிக்னலிலிருந்தே தாளத்தைப் பிடிக்க வேண்டும். அசின்க்ரனஸ் யுஎஸ்பியில் டிஏசிதான் தாளம் போடும், அது கேட்டபோது கணினி தரவைக் கொடுக்கும். இன்றைய நல்ல கருவிகள் எந்த வழியாக வந்தாலும் நடுக்கத்தை அடக்கிவிடுகின்றன. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம்.

தூக்கம் கெட வேண்டிய இடம் வேறு. உங்கள் கணினியோ போனோ 44.1ஐ 48ஆக மாற்றித்தான் அனுப்புகிறதா என்று பாருங்கள். நிறையப் பேர் வருடக்கணக்கில் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், தெரியாமலேயே. டிஏசியின் திரையில் சாம்பிள் வேகம் தெரிந்தால் ஒரு நிமிட வேலை: சிடி பாட்டைப் போடுங்கள், 44.1 என்று வந்தால் சரி, 48 என்றோ 96 என்றோ வந்தால் நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். விண்டோஸில் வாசாபி எக்ஸ்க்ளூசிவ் அல்லது அசியோ, மேக்கில் ஆடியோ மிடி செட்டப், அதில் சரிசெய்யலாம். இந்தத் திரை ஒன்றுக்காகவே நான் கூடுதல் பணம் கொடுப்பேன்.

44.1க்கும் 48க்கும் தனித்தனி க்ளாக் உள்ளதா என்றும் பாருங்கள். 22.5792 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் 44.1 குடும்பத்துக்கு, 24.576 அடுத்ததற்கு. இரண்டும் இருந்தால் சிடியின் வேகம் நேர் வகுத்தலில் கிடைக்கும்.

இன்னொன்று, தரைச் சுற்று: கருவிகளின் எர்த் இணைப்பு வழியாக இரைச்சல் சுற்றி வருவது. என் மேஜைக் கணினியில் யுஎஸ்பி வழியாக ஒரு விலையுயர்ந்த டிஏசியை மாட்டியபோது, மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் "ஜ்ஜ்ர்ர்" என்று ஒரு சத்தம் கூடவே நகர்ந்தது. கேபிள் மாற்றினேன், மின் இணைப்பை மாற்றினேன், பலனில்லை. கடைசியில் ஓர் ஆப்டிகல் ஒயரைச் செருகினேன். அந்த நொடியே அமைதி. ஒளிக்கு மின் இணைப்பு கிடையாது, அவ்வளவுதான் ரகசியம். ஆகவே ஆப்டிகல் உள்ளீடு ஒன்றாவது இருக்கும்படி வாங்குங்கள்.

அளவீட்டுப் பட்டியல்களில் சைனாட் 120க்கு மேல் உள்ளதைத்தான் வாங்க வேண்டுமா?

சைனாட் என்பது இரைச்சலும் சிதைவும் இசைக்கு எத்தனை டெசிபெல் கீழே இருக்கின்றன என்ற அளவு. சிடியின் உச்சமே 98. நூறைத் தாண்டிய எதுவும் சிடியைவிட அமைதியானது. பட்டியலில் முதலிடத்துக்கும் முப்பதாவது இடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வட்டில் பதிந்திருக்கும் இரைச்சலுக்குக் கீழே புதைந்து கிடக்கும். அளவீட்டை வடிகட்டத்தான் பயன்படுத்த வேண்டும்: 90க்குக் கீழே இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

கடையிலோ நண்பர் வீட்டிலோ கேட்டுப் பார்த்து எப்படி முடிவு செய்வது?

முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை, என்னுடையது உட்பட. ஒருமுறை புதிய டிஏசி ஒன்றைக் கொண்டுவந்து மாட்டியதும் நானும் நண்பரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினோம். மேடை விரிந்தது, மிருதங்கத்தின் தொப்பி தனியாக நின்றது, என்னென்னவோ. மறுநாள் அளந்தபோது பழையது 2.0 வோல்ட், புதியது 2.4 வோல்ட். 1.6 டெசிபெல் கூடுதல் சத்தம். காது அதைச் சத்தம் என்று சொல்லாது, "தெளிவு" என்று சொல்லும். சமமாக்கிய பிறகு மேடையும் சுருங்கியது, நாங்களும் சுருங்கினோம்.

செய்முறை சுலபம். 100 ஹெர்ட்ஸ் சுரம் ஒன்றைப் போட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் படியுங்கள். ஒன்று 2.00 காட்டினால் மற்றது 1.98க்கும் 2.02க்கும் நடுவே வரட்டும், அது 0.1 டெசிபெலுக்குள். பிறகு எது ஓடுகிறது என்று தெரியாதபடி இன்னொருவர் மாற்ற வேண்டும். 16 முறையில் 12 சரியாகச் சொன்னால் உங்கள் காதை நம்பலாம். ஊகத்தால் 12 அல்லது அதற்கு மேல் வர 4 சதவீத வாய்ப்புகூட இல்லை. எட்டு, ஒன்பது என்று வந்தால் எது அழகாக இருக்கிறதோ, எதன் பொத்தான் கைக்கு நன்றாக இருக்கிறதோ அதை வாங்குங்கள்.

ப்ரீஆம்ப் (வால்யூமைக் கட்டுப்படுத்தும் பெட்டி) இல்லாமல் டிஏசியை நேராகப் பவர் ஆம்ப்ளிஃபயரில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், வால்யூம் நம்பகமானதாக இருந்தால். மின்சாரம் போய் வந்தபின் டிஏசி முழு வால்யூமில் எழுந்திருக்குமா என்று வாங்கும் முன் சோதித்துப் பாருங்கள். எழுந்தால் ஸ்பீக்கரை மறந்துவிட வேண்டியதுதான். ஆர்சிஏ இணைப்பில் 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் இணைப்பில் 4 வோல்ட் வழக்கம்; கூருணர்வுள்ள ஆம்ப்ளிஃபயருக்கு 4 வோல்ட் அதிகம், வால்யூம் குமிழை ஒன்பது மணிக்கு மேல் திருப்பவே முடியாது.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் டிஏசி "பழகும்" என்கிறார்கள்?

பழகுவது நாம்.

அப்படியானால் அதிக விலைக்கு என்னதான் கிடைக்கிறது?

நல்ல மின்மாற்றி, சத்தமில்லாத அனலாக் வெளியீடு, திரை, ரிமோட், நிறைய உள்ளீடு, சாம்பிள்களுக்கு நடுவே எழும் உச்சிக்கான இடம், டி-எம்ஃபசிஸ் போன்ற யோசித்துச் செய்த வேலைகள், ஐந்தாறு வருடம் கழித்தும் புதிய இயங்குதளத்துக்கு வரும் டிரைவர், பழுதானால் பிரித்துப் பார்க்க ஆள். இவை எல்லாம் மதிப்புள்ளவை. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் விலை கூடுவது அலுமினியப் பெட்டியின் கனத்துக்கு. ஒலியில் பெரிய மாற்றம் வேண்டும் என்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரிலும் அறையிலும் போடுங்கள். அங்கே வித்தியாசம் டெசிபெல் கணக்கில் வரும், இங்கே அதன் ஆயிரத்தில் ஒரு பங்கில்.

பழைய சிடி பிளேயரை என்ன செய்வது?

பின்னால் ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் வெளியீடு இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதை டிஏசியில் மாட்டினால் வட்டோட்டியாகக் காலம் தள்ளும். 44.1 மாறாமல் வரும், ப்ரீ-எம்ஃபசிஸ் கொடியும் கூடவே வரும். லென்ஸ் திணறத் தொடங்கிய நாளில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் ரிப் செய்ய ஆரம்பியுங்கள். அக்யூரேட்ரிப் சரிபார்ப்பில் எண்கள் பொருந்தினால், மற்றவர்கள் வட்டிலிருந்து எடுத்ததும் நீங்கள் எடுத்ததும் ஒன்றுதான். கீறல் விழுந்த வட்டுகளை முதலில் எடுங்கள்.